கடையில் கற்ற கல்வி

(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கையில் முதல் இல்லாத ஓர் இளைஞர் தொழிலில் முன்னுக்கு வருவது எப்படி என்பது பற்றிப் பேச வேண்டும் என்று ஆலயச் செயலாளர் பணித்தார். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன். வாழ்க்கையில் நூறு கிராம் மிளகாய்கூட விற்றதில்லை. "என்னைப் போய் வணிகம் பேசச் சொல்கிறீர்களே" என்றேன். "பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா, அதைப் பேசுங்கள் சார்" என்றார். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

ஆகவே நம் சிராங்கூன் சாலையிலேயே வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். பி.ஜி.பி. என்று மூன்றெழுத்தைச் சொன்னால் என் வயதினருக்கு உடனே விளங்கும். இன்றைய பல்கலைக்கழக மாணவரிடம் சொன்னால், "எங்கள் விடுதிதானே?" என்பார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க் விடுதிக்கும் அதே மூன்றெழுத்துதான். அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை. பி.ஜி.பி. என்ற பெயர்ப்பலகையை அவர்கள் பார்த்ததே இல்லை. நான் சொல்லும் பி.ஜி.பி., திரு பி. கோவிந்தசாமி பிள்ளை அவர்கள். பெருமாள் கோயிலை ஒட்டியுள்ள மண்டபத்தில் திருமண விருந்து உண்டவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள். அந்த மண்டபம் தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான்.

பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டு, தஞ்சை மாவட்டத்து மாயூரம் வட்டாரத்தில் பிறந்தவர். 1905இல், பதினெட்டு வயதில், வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். (இளையர்கள் இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டிற்குப் போய்விடக் கூடாது.) இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு மளிகைக்கடையில் வேலை. சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு, சம்பளம் கிடையாது.

சம்பளமில்லாத அந்த நாட்களைப் பற்றி நாம் வழக்கமாக என்ன சொல்வோம்? "பாவம், எவ்வளவு துன்பப்பட்டிருக்கிறார், அதனால்தான் உயர்ந்தார்" என்போம். மலர்களில் எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன. ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. துன்பம் மட்டும் மனிதனை உயர்த்துமானால் அக்காலத்தில் இங்கே கப்பல் துறையிலும் சாலைப் பணியிலும் உழைத்த ஆயிரக்கணக்கானோர் அனைவரும் செல்வந்தர் ஆகியிருக்க வேண்டும். அவர்களும் பிள்ளை அவர்களைப் போலவே வியர்வை சிந்தியவர்கள்தாம். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. அவர் நின்ற இடம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்றைய சிராங்கூன் சாலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்திற்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர். மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வணிகமும் நிறைந்திருந்ததற்கு பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் இன்றும் சாட்சி. குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது. ஆக, கூலி வாங்கும் தொழிலாளி, மாட்டுக்காரர், பால்காரர், சலவைத் தொழிலாளி, நகராண்மைக் கழக ஊழியர் என்று பலதரப்பட்டவர்களும் வந்து போகும் சாலை இது. அவர்களுக்கெல்லாம் அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி, எண்ணெய் வேண்டும். கையில் காசு இருப்பதோ சம்பளம் வாங்கிய முதல் வாரம் மட்டும்.

அத்தகைய சாலையில் மளிகைக்கடை நடத்துவது என்றால் என்ன? சாமானை எடையிட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது அதில் மிகச் சிறிய பகுதி. பர்மா அரிசி எப்போது வரத்து மிகும், எப்போது விலை ஏறும் என்று தெரிய வேண்டும். ஊரிலிருந்து வந்த மிளகாய் மூட்டையைக் கையை விட்டுப் பார்த்தே ஈரத்தைக் கணிக்க வேண்டும். மழைக்காலத்தில் பருப்பில் வண்டு விழுமுன் விற்றுத் தீர்க்க வேண்டும். இவற்றை எல்லாம்விடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், சம்பளத்தன்று அவர் வராவிட்டால் எப்படிக் கேட்பது என்பதே அது. கடுமையாகக் கேட்டால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். கேட்காமல் விட்டால் கடையை மூட வேண்டியதுதான். இதைக் கற்பிக்க எந்தப் பாடநூலும் இல்லை.

மளிகைக்கடைகளில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறிய நோட்டுப் புத்தகம் இருந்ததே, என் தலைமுறைக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு. அம்மா கடைக்கு அனுப்பும்போது பணம் கொடுக்க மாட்டார்கள், அந்த நோட்டைத்தான் கொடுப்பார்கள். கடைக்காரர் அதில் எழுதித் தருவார். ஒரு குடும்பத்தின் சமையலறை, அப்பாவின் வேலை, தாத்தாவின் நோய், தீபாவளிச் செலவு எல்லாம் அந்தச் சின்ன நோட்டில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவன் ஊரையே படிக்கத் தெரிந்தவன். சம்பளம் வாங்காமல் வேலை பார்த்த அந்த இளைஞர் கற்றது இத்தகைய படிப்பைத்தான் என்பது என் கருத்து.

அடுத்து முதலுக்கு வருவோம். பிள்ளை அவர்கள் இடையில் ஊருக்குப் போய்த் திருமணம் செய்துகொண்டு திரும்பினார். பின்னர் செட்டியார் ஒருவரிடம் 2,000 வெள்ளி கடன் பெற்றுக் கடையைத் தமதாக்கிக்கொண்டார். அந்தக் காலத்து 2,000 வெள்ளி! கடைப் பையனாக இருந்தவருக்கு யார் அவ்வளவு பெரிய தொகை கொடுப்பார்கள்? ஈடு வைக்க அவரிடம் ஏது நிலம், ஏது நகை? அந்தச் செட்டியார் எதை நம்பிக் கொடுத்தார் என்று நானும் பலமுறை யோசித்தது உண்டு. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்த செட்டியார்கள் ஆளைப் பார்த்தே எடைபோடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் வளர்ந்த முறை அப்படி.

அந்த முறையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நகரத்தார் குடும்பத்துப் பையன் எடுத்த எடுப்பில் முதலாளி ஆகிவிட மாட்டான். தந்தை செல்வந்தராகவே இருந்தாலும், வேறொருவருடைய கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். விளக்கைத் துடைப்பான், தண்ணீர் கொண்டு வருவான், பேரேட்டை எடுத்துக் கொடுப்பான். பிறகு அடுத்தாள் ஆவான். பிறகு முழுக் கடையையும் பார்த்துக்கொள்ளும் மேலாள் ஆவான். மூன்று ஆண்டுக் கணக்கு என்று வந்து, கணக்கு முடிந்து ஐந்தொகை போட்டு ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவான். பிறகுதான் தனக்கென்று தொழில். வணிகத்தில் கோயிலுக்கென்று மகமை எடுத்து வைப்பதும் அந்தப் படிப்பில் சேர்ந்ததே. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது அவர்களாலேதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்படிப் படிப்படியாகக் கடை பயின்று வந்த ஒரு சமூகத்தவருக்கு, இன்னொருவர் கடை பயின்றிருப்பது கண்ணில் படாமல் போகுமா?

1920களின் பிற்பகுதியிலிருந்து பி.ஜி.பி. கடைகள் சிராங்கூன் சாலையில் பெருகத் தொடங்கின. ஊரைவிட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். நல்ல நேரமும் அதுவல்ல. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வாடிக்கையாளரே கப்பலேறிப் போய்விட்டால் மளிகைக்கடையின் கடன் ஏடு என்ன ஆகும்! அதையும் தாண்டினார்கள். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அவர்கள் அடித்த வாழைமர நோட்டுகளை மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர்களும் 1945இல் அவற்றை வைத்து ஒன்றும் வாங்க முடியவில்லை. அந்த அழிவுக்குப் பிறகும் பி.ஜி.பி. கடைகள் தேக்காவின் அடையாளமாக நின்றன. மளிகையிலிருந்து துணி வரை அங்கே கிடைத்தது. என் தாயார் தீபாவளித் துணிக்கு அங்கேதான் அழைத்துச் செல்வார்கள். எனக்கு எப்போதும் இரண்டளவு பெரிய சட்டைதான் எடுப்பார்கள், வளருகிற பிள்ளை என்பது காரணம்.

பிள்ளை அவர்கள் சமாதான நீதிபதியாகவும் மதிக்கப்பட்டார். முதுமையில் ஊருக்குத் திரும்பி 1980இல் காலமானார். கோயில்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் அவர் கொடுத்தவை ஏராளம். 1855இல் தொடங்கிய சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு அவர் செய்த கைங்கர்யத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய பெயரிலான கல்யாண மண்டபத்தை 1965இல் யூசோப் இஸ்ஹாக் திறந்து வைத்தார். தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியும் புறப்படும்போது நாம் அண்ணாந்து பார்க்கும் ராஜகோபுரம் அவருடைய கொடையால் அமைந்தது. அந்தக் கோயில் 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இது ஏதோ ஒரு காலத்துக் கதை, நம் ஊரோடு முடிந்துபோனது என்று நினைத்துவிட வேண்டாம். இதே முறை இன்றும் உயிரோடிருக்கும் ஒரு நாட்டைப் பற்றி அண்மையில் நிறையப் படித்தேன். ஆப்பிரிக்காவில் நைஜீரியா. அதன் கிழக்குப் பகுதியில் இக்போ என்றோர் இனத்தார். 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அவர்கள் தோற்றார்கள். போர் முடிந்ததும், வங்கியில் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான் தரப்படும் என்றாகிவிட்டது. பணக்காரரும் ஏழையும் ஒரே நாளில் ஒரே நிலை. அவர்கள் மீண்டும் எழுந்தது எப்படி? ஏற்கெனவே அவர்களிடம் இருந்த பழக்கம் ஒன்று கைகொடுத்தது. இக்பா-போய் என்று அதற்குப் பெயர். பையனை ஒரு வணிகரிடம் ஒப்படைப்பார்கள். ஐந்து, ஆறு, ஏழு ஆண்டுகள் அவன் சம்பளமின்றிக் கடையில் வேலை செய்வான். உணவும் உறைவிடமும் முதலாளி பொறுப்பு. காலம் முடிந்ததும், பெரியோர் முன்னிலையில் முதலாளி அவனுக்குத் தனிக்கடை வைக்கப் பணமோ சரக்கோ கொடுத்து அனுப்ப வேண்டும். அவன் நாளைக்கு அதே சந்தையில் தனக்கே போட்டியாக வருவான் என்று தெரிந்தும் கொடுக்க வேண்டும்! நாளை அவனும் இன்னொரு பையனுக்கு இதையே செய்வான்.

அங்கே நெவி என்றோர் ஊர். மோட்டார் உதிரிபாக வணிகத்துக்குப் பேர்போனது. அவ்வூர்க்காரர் இன்னசென்ட் சுக்வுமா, 1961இல் பிறந்தவர். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார், இடம் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு சொந்தமாக விற்கத் தொடங்கினார். முழு மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றினால் இடம் அதிகம் பிடிக்கிறது, கழற்றிப் பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளூரில் பூட்டினால் விலை பெரிதும் குறைகிறது என்று கண்டுகொண்டார். கடையில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கியவர் கண்ணுக்குத்தான் இது படும். 2010இல் அதே நெவியில் அவருடைய வாகனத் தொழிற்சாலையை அந்நாட்டு அதிபர் திறந்து வைத்தார். இன்னோசன் என்ற பெயரில் பேருந்துகளும் கார்களும் அங்கிருந்து வருகின்றன.

இதைச் சொல்லிவிட்டு, அந்த முறையில் உள்ள குறையை மறைத்தால் நான் ஆசிரியன் இல்லை. ஆறு ஆண்டுகள் உழைப்பை வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கும்போது "இவன் திருடிவிட்டான்" என்று பழிபோட்டுத் துரத்தும் முதலாளிகளும் அங்கே உண்டு என்று அவர்களே எழுதுகிறார்கள். நம் சிராங்கூன் சாலையிலும் சம்பளம் வாங்காமலேயே முதுமை அடைந்த கடையாட்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் மண்டபம் இல்லை என்பதால் நமக்குத் தெரியவில்லை. எனவே சம்பளமில்லா வேலையைப் போற்றுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. அது போகட்டும், போனது நல்லதுதான். அதோடு சேர்ந்து போய்விட்ட வேறு இரண்டு விஷயங்கள்தாம் என்னை வருத்துகின்றன. கடையின் உள்விவகாரத்தை இளையவருக்குத் திறந்து காட்டும் வழக்கம் ஒன்று. அவர் தேறிய பிறகு, ஈடு கேட்காமல் முதல் கடனைக் கொடுக்கும் துணிச்சல் மற்றொன்று.

இதே நாட்டில் இன்னொரு பெரியவருக்கு அந்த இரண்டாவது உதவி வேறு வகையில் கிடைத்தது. நாராயண பிள்ளை 1819இல் ராஃபிள்சோடு இந்தியானா கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். செங்கல் காளவாய் வைத்தார், துணிக்கடை வைத்தார். 1822இல் தீயில் கடை போயிற்று, கடனாளியானார். ராஃபிள்ஸ் அவருக்குக் கடை வைக்க வேறு நிலம் கிடைக்கச் செய்தார். மீண்டும் எழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரத்தாலும் அத்தாப்பாலும் மாரியம்மன் கோயில் அமைந்ததற்கு அவர் மூலகாரணம். கடனாளியான அன்று அவரைக் கைவிட்டிருந்தால் அந்தக் கோயில் யாரால் எழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 1991இல் சிண்டா தொடங்கியபோது நான் இளம் ஆசிரியன். நம் பிள்ளைகள் கணிதத்தில் தேற வேண்டும், பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டும் என்று மாலை வேளைகளில் தொண்டை கட்டப் பாடம் நடத்தினோம். அதன் பலனை இன்று பார்க்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வந்து, "சார், படிப்பு முடிந்துவிட்டது, சொந்தமாகத் தொழில் செய்ய ஆசை" என்றால், அவனுடைய தந்தையார் என்னைத்தான் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் சார், நல்ல வேலைக்குப் போகச் சொல்லுங்கள்" என்கிறார். இது ஒரு முறை இரண்டு முறை நடந்ததில்லை. தந்தையார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு எல்லாம் அவர் தலையில். பையனிடமோ கணினியில் அழகாகத் தீட்டிய திட்டம் இருக்கிறது, ஆனால் ஒரு நாளாவது கடை திறந்து மூடிய அனுபவம் இல்லை. அவனை உள்ளே விட்டுக் கணக்கைக் காட்ட யாரும் இல்லை.

இந்தப் பக்கம், நம் தேக்காக் கடைக்காரர்கள் என்னிடம் சொல்வது வேறு. "சார், என் பிள்ளைகள் டாக்டர், வழக்கறிஞர் ஆகிவிட்டார்கள். எனக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வாடகை ஏறுகிறது, மக்கள் இணையத்தில் வாங்குகிறார்கள். இன்னும் ஐந்து வருடம், பிறகு மூட வேண்டியதுதான்." பூக்கடை, மசாலைக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை என்று பலரும் இதையே சொல்கிறார்கள். முப்பது நாற்பது ஆண்டு அறிவு அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்க ஆளில்லை. 1971இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாக இருந்த முஸ்தபா எப்படி வளர்ந்தது என்று நாம் கண்ணாரக் கண்டவர்கள். இந்தச் சாலைக்கு இன்னும் அந்தச் சக்தி போய்விடவில்லை.

நன்கொடையாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குடமுழுக்குக்குக் கொடுக்கிறீர்கள், அன்னதானத்துக்குக் கொடுக்கிறீர்கள், கல்வி உதவிநிதிக்கும் குறைவில்லாமல் கொடுக்கிறீர்கள். இவற்றில் ஒரு காசும் குறைக்கச் சொல்லவில்லை. பள்ளி விடுமுறையிலும் படிப்பு முடிந்த ஆண்டிலும் ஓர் இளையரை உங்கள் கடைக்குள், அலுவலகத்துக்குள், முறையான சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி தூக்குவதோடு நிறுத்திவிடாமல் கணக்கைக் காட்டுங்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு லாபம், எந்த வாடிக்கையாளர் ஏமாற்றினார், எந்த ஆண்டு நட்டப்பட்டீர்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். லாபக் கதையைப் பையன்கள் எங்கும் கேட்கலாம், நட்டக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. ஓரிரு ஆண்டு கழித்து அவன் தேறிவிட்டான் என்று உங்கள் மனத்துக்குப் பட்டால், தனியாகத் தொடங்க ஒரு கைகொடுங்கள். திரும்ப வரும் கடனாகவே கொடுங்கள். இனாமாகக் கொடுத்தால் அவன் கற்க மாட்டான் என்பது என் வகுப்பறை அனுபவம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மளிகைக்கடையில் நிற்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று கூச்சப்படாதீர்கள். பெருமாள் கோயில் மண்டபத்தில் உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு நாள் கிடைப்பதே கடினம். அந்த மண்டபத்துக்குப் பெயர் தந்தவர் மளிகைக்கடையில் நின்றவர்தான்.

ஆலய அலுவலகத்தின் முன்மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே ஒரு 555 நோட்டைத் தேடி வாங்கி வந்தேன். இளையரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் கடைக்காரர்கள் தங்கள் கடையின் பெயரையும், எந்த மாதத்திலிருந்து இயலும் என்பதையும் அதில் எழுதுங்கள். கற்க விரும்பும் பிள்ளைகள் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். இன்று காலை நான் பார்த்தபோது முன்பக்கத்தில் மூன்று கடைகள் இருந்தன, பின்பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன. அன்னதானக் கூடத்தில் இலை போட்டுவிட்டார்கள் என்று கை காட்டுகிறார்கள். மேசையைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும்.